கேள்வி என்னும் செல்வம்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கற்றறிந்தோர் உரைப்பதைச் செவிமடுத்து அறிவு பெறுவதும் கேள்வி. ஐயம் தோன்றியவிடத்து வாய் திறந்து வினவுவதும் கேள்வி. வள்ளுவர் ‘கேள்வி’க்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, நூல்களைக் கல்லாதவனும் கேட்டறிய வேண்டும் என்று வற்புறுத்துகிறார். அங்குப் பேசப்படுவது முதற்பொருள். இரண்டாம் பொருளை நமக்கு நினைவூட்டியவர் நமது பங்கைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் நீர்வளம் குறித்த பொதுச் சொற்பொழிவு ஏற்பாடாகியிருந்தது. பொதுமக்கள் அனைவரும் வருக என்று சுவரொட்டி அழைத்தது. பங்கு மக்கள் ஆறேழு பேருடன் நாமும் சென்றிருந்தோம். பேச்சாளர் ஆழ்ந்து கற்றவர். வரைபடங்களும் புள்ளிவிவரங்களும் திரையில் வந்துபோயின. ஒன்றரை மணி நேரம் கழிந்தபின் நம் விவசாயி பின்வரிசையில் எழுந்து நின்றார். அவரது ஊர்க் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடக்கிறது. மழை பெய்தாலும் கண்மாய் பெருகுவதில்லை. அதைக் கேட்கவே வந்திருந்தார். நேரமாகிவிட்டது என்று மேடையிலிருந்து கையசைத்தார்கள். நன்றியுரை தொடங்கிற்று, பின் நாட்டுப்பண் ஒலித்தது. எழுந்தவர் உட்காராமலே நாட்டுப்பண்ணுக்கும் நின்று முடித்தார்.

திரும்பும் பேருந்தில் நம்மருகே அமர்ந்திருந்தவர் மெல்லக் கேட்டார்: “ஏன் சாமி, கேக்கத்தான் கூப்பிட்டாகளா? கேள்வி கேக்கக் கூப்பிடலையா?”

அவர் குரலில் கோபம் இல்லை. நமக்குத்தான் விடை கூறத் தெரியவில்லை. அன்று எழுந்த அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து. பல்கலைக்கழகங்களும் அறிஞர் மன்றங்களும் நாட்டு நடப்பு குறித்துப் பொதுமக்களிடம் பேசத் தொடங்கியது எப்போது? எதற்காக? அம்மன்றங்களில் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள், யார் வாயிலுக்கு வெளியே நின்றார்கள்? நாம் வாழும் இந்தச் செட்டிநாட்டு மண்ணிலிருந்தே இவ்வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மன்றம் நமக்குப் புதியதன்று. ஊர்ப் பொதுவிடத்து மரத்தடியே நம் முன்னோரின் மன்றம். வழக்குத் தீர்த்ததும் அங்கே, ஊர்க்காரியம் பேசியதும் அங்கே. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் வந்து வாதிடுமாறு அழைக்கிறான். மாற்றுக் கருத்துடையோரிடத்தும் பகையும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு அவன் மக்களை வேண்டுவதையும் காண்கிறோம். வாதத்திற்கு அழைப்பும் பகைக்குத் தடையும் ஒரே அறிவிப்பில் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

மேலைநாட்டில் பல்கலைக்கழகம் தன் மதிற்சுவரைத் தாண்டி வெளியே வந்த வரலாறும் சுவையானது. 1852-இல் நியூமன் அடிகளார் அயர்லாந்தின் டப்ளின் நகரில், பல்கலைக்கழகம் என்பது எதற்காக என்னும் பொருள்பற்றிப் பொது அரங்கில் உரைத்தொடர் ஆற்றினார். அங்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டதோ அதற்கு ஈராண்டுகளுக்குப் பின், 1854-இல். கல்விக்கூடம் எழுமுன் அதன் நோக்கத்தை நகர மக்கள்முன் வைத்து விளக்கியாக வேண்டும் என அவர் கருதினார். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரது அவ்வுரைகள் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

நியூமன் கற்றோரிடம் பேசினார். உழைப்பாளரிடம் சென்றவர் கேம்பிரிட்சு ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 1860-களின் இறுதியில் வட இங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அவர் உரை நிகழ்த்தினார். அவ்வூர்களுள் ஒன்று ராச்டேல். 1844-இல் நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர்கள் கூடித் தம் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய புகழ்பெற்ற ஊர். அங்கு ஓர் உரை முடிந்தபின் தாம் மாட்டியிருந்த விளக்கப் படங்களை அடுத்த வாரம் வரை சுவரிலேயே விட்டுவைக்குமாறு ஸ்டூவர்ட் கேட்டுக்கொண்டார். மறுவாரம் வந்தபோது, இடைப்பட்ட நாட்களில் உறுப்பினர்கள் படங்கள்முன் நின்று தமக்குள் விவாதித்துக் கேள்விகளோடு காத்திருப்பதைக் கண்டார். அன்றுமுதல் உரையோடு கலந்துரையாடலும் அவர் முறையில் இடம்பெற்றது. 1873-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் இத்தகைய வெளியூர் உரைகளைத் தன் பணியாகவே ஏற்றுக்கொண்டது. பிற பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. சுவரில் விட்டுவைத்த சில படங்கள் ஒரு கல்விமுறைக்கே வழிகாட்டின எனலாம்.

நம் நாட்டில் 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தொடக்கத்தில் அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே கற்பிக்கும் பணியும் ஆய்வும் அவற்றில் வேரூன்றின. அவ்வழியில் முன்னின்றவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜி. அவருடைய மகள் கமலா சிறுவயதிலேயே கைம்பெண் ஆனாள். உற்றாரும் ஊராரும் எதிர்த்தபோதிலும் 1908-இல் தந்தை அவளுக்கு மறுமணம் செய்துவைத்தார். 1923-இல் கமலா இறந்துபோனாள். மகளின் நினைவாக அவர் பல்கலைக்கழகத்தில் நிறுவிய அறக்கட்டளையே ‘கமலா சொற்பொழிவுகள்’. கண்ணீர் ஒரு கல்வியறமாக மாறிய நிகழ்ச்சி இது.

இவ்வரிசையில் தொடக்கத்திலேயே உரையாற்றியவர் அன்னி பெசன்ட் அம்மையார். அவரையடுத்து 1926-இல் உரையாற்றியவர் நம் தமிழ்நாட்டவர். வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக விளங்கி, கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும். நாடு அடிமைப்பட்டிருந்த காலம் அது. ‘குடிமகன்’ என்னும் தகுதியே நமக்கு வாய்க்காத காலம். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்கலைக்கழக மேடை அச்சொல்லை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டது. பின்னர் 1935 முதல் 1940 வரை சாஸ்திரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். அப்பல்கலைக்கழகத்தை 1929-இல் சிதம்பரத்தில் நிறுவியவர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் என்பதை வாசகர் அறிவர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அன்றைய பல்கலைக்கழக உரைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. குடிமகனைப் பற்றிய பேச்சு பெரும்பாலான குடிமக்களுக்கு விளங்காத மொழியில் நடந்தது. இக்குறையைத் தமிழ்நாட்டில் ஈடுசெய்தவை பட்டம் வழங்காத ஊர்ச் சங்கங்களே. அவற்றுள் காரைக்குடிக்குத் தனியிடம் உண்டு.

1917 செப்டம்பர் 10 அன்று காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. சொ. முருகப்பா, ராய. சொக்கலிங்கம் முதலிய இளைஞர்கள் அதற்கு உயிரூட்டினார்கள். பெயரில் சமயம் இருந்தாலும் தமிழும் சமூகச் சீர்திருத்தமும் நாட்டுப்பற்றும் அங்குக் கைகோத்து நின்றன. நூலகமும் சொற்பொழிவும் அதன் பணிகள். 1919 நவம்பரில் பாரதியார் அச்சங்கத்திற்கு வந்தார். அதனை வாழ்த்திப் பாடலும் இயற்றித் தந்தார். கையில் கோலுடன் அவர் நிற்கும் நிழற்படம் காரைக்குடியில் எடுக்கப்பட்டதே. 1927 செப்டம்பரில் காந்தியடிகள் கதர்நிதி திரட்டச் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது, தம்மை வரவேற்ற செல்வர்களின் இல்ல ஆடம்பரத்தை அவர்கள் முன்னிலையிலேயே இடித்துரைத்தார். கேட்டவர்கள் எழுந்து போய்விடவில்லை. புகழுரை மட்டுமே ஒலிக்கும் மேடை மன்றமாகாது என்பதை அன்றைய காரைக்குடி அறிந்திருந்தது.

மேடையில் பேசியதை வாழ்விலும் செய்து காட்டியவர்கள் சிலர் இருந்தார்கள். சொ. முருகப்பா தாமே கைம்பெண் ஒருவரை மணந்தார். 1930-களில் மாதர் மறுமணத்திற்கென்றே ஓர் இதழ் காரைக்குடியிலிருந்து வெளிவந்தது. கல்கத்தாவில் துணைவேந்தர் ஒருவர் தம் மகளுக்காகச் செய்ததை இங்கே வணிகர் குலத்து இளைஞர் ஒருவர் தம் ஊரையே எதிர்த்துச் செய்தார்.

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆனால் வரலாற்றை எழுதுகிறவன் பெருமையோடு நின்றுவிட முடியாது. இதே ஆண்டுகளில், அன்றைய ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளை, 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார். 1930 டிசம்பரில் எட்டுத் தடைகள். 1931 ஜூனில் பதினொரு தடைகள். பொன் வெள்ளி நகை அணியக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என நீளும் அப்பட்டியலில் பிள்ளைகள் எழுத்தறிவு பெறக்கூடாது என்பதும் ஒன்று. ஒருபுறம் நாட்டு விடுதலை பற்றிய முழக்கம். சில கல் தொலைவில் ‘நீ கற்காதே, கேளாதே’ என்னும் கட்டளை. இவ்விரண்டையும் ஒரே மண்தான் தாங்கிநின்றது.

நாம் பிறரை நோக்கி மட்டும் விரல் நீட்டுவதற்கும் இல்லை. நம் ஆலயங்களிலேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே மறையுரையைச் சுவரின் இரு பக்கத்திலிருந்தும் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கேட்கும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இல்லாத இடத்தில், கேள்வி எழுப்பும் உரிமையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நாடு விடுதலை பெறும் வேளை வந்தது. 1947 ஜூலையில், அன்னி பெசன்ட் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் ஒரு கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் பேசினார். கல்லூரிகள் பெருநகரங்களில் மட்டும் குவிந்திருத்தல் தகாது, சிற்றூர்ப் பகுதிகளிலும் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என அவர் வேண்டினார். அவையில் அமர்ந்திருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் தாம் கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று, விடுதலைக்கு நான்கு நாட்கள் முன்னதாக, கல்லூரி தொடங்கிவிட்டது. தொடர்ந்து மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்திற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1957-இல் நாற்பத்தெட்டு வயது நிறையும் முன்னரே அழகப்பர் மறைந்தார். அவர் நட்ட மரம் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமாகக் கிளைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பொதுக்கூட்டம், அதில் ஒருவர் முன்வைத்த வேண்டுகோள், அதைக் காதில் மட்டும் வாங்காமல் மனத்திலும் வாங்கிய ஒரு மனிதர். வறண்ட பொட்டலில் எழுந்த கல்வி நகரத்தின் தோற்றுவாய் அதுவே. சொற்பொழிவால் என்ன பயன் என்று சலித்துக்கொள்வோர் காரைக்குடிக்கு வந்து பார்க்கட்டும்.

கல்லூரிக்கு முன்பே மற்றொரு மன்றமும் காரைக்குடியில் எழுந்திருந்தது. விடுதலைப் போராட்ட வீரர் சா. கணேசன் 1939-இல் நிறுவிய கம்பன் கழகம் அது. கம்பர் சமாதி அடைந்ததாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையும் அதன் விழாவில் இடம்பெறும். இன்று தொலைக்காட்சி வரை பரவியுள்ள பட்டிமன்றம் உருப்பெற்றதில் அக்கழக மேடைக்குப் பெரும் பங்குண்டு. அப்பட்டிமன்றத்தைக் காப்பிய விவாதத்தோடு நிறுத்தாமல் சமுதாயச் சிக்கல்களை அலசும் களமாக்கி, ஊர்ஊராகக் கொண்டுசென்றவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார். 1952-இல் ஆதீனப் பொறுப்பேற்றவர் அவர். 1970-களின் பிற்பகுதியில் குன்றக்குடி மக்களைக் கூட்டி, ஊரின் தேவை என்ன, வளம் என்ன, வேலையற்றோர் எத்தனை பேர் என்று அவர்களையே சிந்திக்கச் செய்து கிராமத் திட்டம் ஒன்றை வகுத்தார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வுக்கூடத்து அறிவியலாளர்கள் அதற்குத் துணைநின்றார்கள், சிறுதொழில்கள் தோன்றின. ஆய்வுக்கூடம் ஊருக்குள் வந்தது. ஊர் தன் கேள்வியோடு ஆய்வுக்கூடத்தை எதிர்கொண்டது. ராச்டேல் தொழிலாளர்கள் படங்கள்முன் நின்று செய்ததன் தமிழ் வடிவம் இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அடிகளாரைப் பற்றிப் பேசுகையில் 1982-ஐ நம் மக்கள் மறக்க இயலாது. குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் உயிர்கள் பலியாயின. அப்போது அங்குச் சென்று இரு தரப்பாரிடமும் பேசி அமைதிக்கு உழைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர் இச்சைவத் துறவி. வாழ்நாளெல்லாம் எதிரணியின் வாதத்தைப் பொறுமையுடன் கேட்டுப் பழகிய செவி அது. பட்டிமன்றத்தில் பழகிய பண்பே பகைக்களத்தில் பயன்பட்டது. மன்றங்கள் எதற்கு என்று கேட்போருக்கு இதைவிட வேறென்ன விடை வேண்டும்? நாம் பேசிப் பழகாத ஊரில்தான் கைகள் முதலில் பேசுகின்றன.

இன்று மேடைகளுக்குக் குறைவில்லை. அறக்கட்டளைச் சொற்பொழிவுகளும் கருத்தரங்குகளும் ஆண்டு முழுவதும் நடைபெறுகின்றன. குறைவாக இருப்பது கேள்விக்கான நேரமே. பேச்சாளருக்கு ஒன்றரை மணி. சபையோருக்கு ஐந்து நிமிடம். அதிலும் பாதி பாராட்டாகப் போய்விடுகிறது. மேடையை மட்டும் நாம் குறைகூறவும் வழியில்லை. ஞாயிறுதோறும் நாம் ஆற்றும் மறையுரைக்கு எதிர்க்கேள்வி உண்டா? முப்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். எழுந்து நின்று ‘சாமி, இது விளங்கவில்லை’ என்று சொல்ல யாருக்கும் நாம் இடம் வைத்ததில்லை. அன்று அரங்கில் விவசாயியைக் கையசைத்து உட்காரச் சொன்னவர்களைக் கண்டு நாம் மனம் நொந்தோம். அவருக்காக ஒரு சொல் சொல்லவும் நமக்குத் துணிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எருசலேம் ஆலயத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இயேசு அமர்ந்திருந்த காட்சியை லூக்கா நற்செய்தியாளர் வரைந்திருக்கிறார். போதகர்கள் நடுவே அவர் இருந்தார். அவர்கள் கூறியதைக் கேட்டார். அவர்களிடம் வினாக்களும் எழுப்பினார். கேள்வியின் இரு பொருளும் ஒரே காட்சியில் நிறைவு பெறுகின்றன. சிறுவன்தானே என்று அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஒரு நற்செய்தியையும் கூறி முடிப்போம். 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையைச் சட்டத் தகுதியுள்ள மன்றமாக்கிவிட்டன. ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், அழைப்பிதழ் தேவையில்லை. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, கேட்டால் விடை சொல்லியாக வேண்டும் என்று அலுவலகங்களைக் கட்டுப்படுத்துகிறது. சாஸ்திரியார் கல்கத்தாவில் ஆங்கிலத்தில் பேசிய குடியுரிமை, இன்று கண்மாய்க்கரை மரத்தடியில் தமிழில் பேசக் கிடைக்கிறது. நம் மக்களுள் எத்தனை பேர் அங்குச் செல்கிறோம்?

பேருந்தில் நம்மைக் கேட்ட விவசாயி சென்றார். மறு ஆண்டு கிராம சபையில் தம் வினாவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் படித்தார். எழுதிக்கொடுத்தவள் கல்லூரியில் படிக்கும் அவர் பேத்தி. அன்று அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தில் வரத்துக்காலின் பெயர் ஏறியது. கால் முழுவதும் இன்னும் தூர்வாரப்படவில்லை. பாதி தூரம் வெட்டியிருக்கிறார்கள். மீதிக்காக ஒவ்வொரு சபையிலும் எழுந்து நிற்கிறார்.

அவரைப் பின்பற்றி நாமும் ஒரு சிறு தொடக்கம் செய்திருக்கிறோம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் ஆலய முற்றத்தில் பாய் விரித்து அமர்கிறோம். அரைமணி நேரம் ஒருவர் பேசுவார். ஒருமணி நேரம் மற்றவர்கள் கேட்பார்கள். முதல் மாதம் கேள்வி ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் மாதம் ஒரு மூதாட்டி எழுந்து, நமது மறையுரை ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று கேட்டார். அன்றுமுதல் மன்றம் கூடிவிட்டது.